பின்பக்கத்து அறைக்கு ஒரு டிரயல்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் மாமா மூவரும் சௌக்கியம், வீட்டின் பின்பக்கம் மட்டும் அவ்வளவு சௌக்கியமில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல், நல்ல தூக்கம் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லாவிட்டால் இன்றிலிருந்தாவது இரு. போன வாரம் பேசும்போது பின்னால் படபடவென்று என்னம்மா சத்தம், பறவை ஏதாவது மாட்டிக்கொண்டதா என்று கேட்டாய், நான் ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது பறவை இல்லை. நீ திரும்பி வந்தால் தங்குவதற்காக உன் அப்பா வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கும் அறை அது. காற்று அடித்தால் அப்படித்தான் படபடக்கும். அறை எப்படிப் படபடக்கும் என்று கேட்பாய், அதைப் போனில் சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதோடு நான் போனை எடுத்தாலே உன் அப்பா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். கடைசியில் உனக்கு நான் ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் தெரிந்தால்தான் அது உனக்குப் புரியும், ஆகையால் அவசரப்படாமல் உட்கார்ந்து படி.

எல்லாம் நீ சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. வேலை முடிந்து களைத்துப்போய் வந்த நாள் போலிருக்கிறது, பேசாம அங்கேயே வந்துடலாம்னு இருக்கும்மா என்றாய். நான் அதை ஒரு பெருமூச்சாக எடுத்துக்கொண்டேன், உன் அப்பா ஆர்டராக எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் முன்னறைக் கடையில் ஒரு வாடிக்கையாளர் பேண்ட் டிரயலுக்காக ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார், ஒரு காலுக்குக் குண்டூசி குத்தியாகிவிட்டது, இன்னொரு காலுக்கு இன்னும் இல்லை. அப்பா இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி நேரே கொல்லைப்பக்கம் போய்விட்டார். அந்த மனிதர் பாவம், இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றிருக்கிறார், நான் காபித் தம்ளரோடு போனபோதுதான் பார்த்து இறக்கிவிட்டேன். குண்டூசி குத்திய காலை மடக்காமல் வீட்டுக்கு நடந்து போனார், இன்னும் அந்தப் பேண்டைக் கேட்டு வரவில்லை, போட்டுக்கொண்டேதான் போனார் என்பதால் வரவும் மாட்டார் என்று நினைக்கிறேன்.

மறுநாளே மேஸ்திரி வந்துவிட்டார். நம் தெருக்கோடியில் புதிதாக மாடி வீடுகள் கட்டுகிறாரே அவர்தான், பேசினால் கலவை மிஷின் ஓடுவது போல இருக்கும், மற்றபடி நல்ல மனசு. நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அடி என்று கேட்டார், முறையான கேள்விதானே. உன் அப்பாவோ, யாருக்குன்னு கேக்காமலே அளவு கேக்கறீங்களே என்று அவரைக் கேட்டார். ரூமுக்கு அடிக் கணக்குத்தான் டெய்லர் சார், ஆள் கணக்கு கிடையாது என்றார் மேஸ்திரி. உடம்பை விட்டுட்டு எவனாவது சட்டைக்கு அளவெடுப்பானா என்று இவர் கடைக்குள் போய், அந்தத் தலையில்லாத தையல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து, நீ விட்டுப் போன மழைக்கோட்டை அதற்கு மாட்டி, கொல்லைக்கு நடுவில் நிறுத்தி, இதுதான் எங்க பொண்ணு, இதைச் சுத்தி அளவெடுங்க என்றார். மேஸ்திரி என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். கையை நீட்டினால் இடிக்காமல் இருக்க இவ்வளவு, குனிந்து செருப்பு மாட்ட இவ்வளவு, கோபம் வந்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க இவ்வளவு என்று டேப்பை இழுத்துக்கொண்டே போனார், உன் கோபத்துக்கு அவர் ஒதுக்கிய இடத்தைப் பார்த்தால் அதிலேயே இன்னொரு குடும்பம் குடியிருக்கலாம். ஜன்னல் கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்றபோதுதான் பொம்மைக்குக் கண் எங்கே என்ற சங்கடம் வந்தது. உன் மாமா குக்கரைக் கொண்டுவந்து பொம்மையின் கழுத்தில் கவிழ்த்து, சும்மா உத்தேசத்துக்கு அத்தான் என்றான். என் பொண்ணு மூஞ்சி குக்கர் மாதிரியாடா இருக்கு என்று அப்பா அன்றைக்கு அவனோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அந்தக் குக்கர் மூடி இப்போது சரியாக மூடுவதில்லை, அது தனிக்கதை.

உன் மாமாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடை வேலையிலிருந்து நின்று நம் வீட்டு நடு அறைக்கு வந்ததிலிருந்து என் தம்பி, எல்லோரும் சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்வது போல் ரசமட்டம் வைத்துக்கொண்டிருக்கிறான், கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுமே அதுதான். சாப்பாட்டு மேஜை, கட்டில், என் அடுப்பு, எதையும் விட்டுவைப்பதில்லை. என் தோளிலேயே ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு, அக்கா உனக்கு இடது பக்கம் இறங்கியிருக்கு என்றான். இத்தனை வருஷம் இடுப்பில் உங்களையெல்லாம் சுமந்தால் இறங்காமல் என்ன செய்யும் என்றேன். பல்வலி என்று முகத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு வீடு கட்டும் பேச்சைக் கேட்டதும் பல்வலி போன இடம் தெரியவில்லை.

அளவெடுத்த பிறகு அஸ்திவாரம் தோண்டுவார்கள் என்றுதானே நீயும் நானும் நினைப்போம். உன் அப்பா, டிரயல் பார்க்காம என் கடையிலேர்ந்து ஒரு உருப்படி வெளியே போனதில்லை, இது மட்டும் எப்படிப் போகும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நின்றவர் கடையில் சேர்ந்து கிடந்த துணியையெல்லாம் அள்ளிப் போட்டு அறையைத் தைக்க ஆரம்பித்தார். ஆமாம், தைத்தார். நிஜ அளவில். ஒரு சுவர் கோட்டுத் துணி, ஒரு சுவர் பள்ளிக்கூடச் சீருடைத் துணியில் நீலக் கட்டம், மூன்றாவது சுவர் யாரோ பைஜாமாவுக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோன கோடு போட்ட துணி, கூரைக்கு என்னுடைய நல்ல படுக்கை விரிப்பு, கேட்காமலே எடுத்தது. மண் நிரப்பிய பெரிய டப்பாக்களில் கழிகளை நட்டு அதை மாட்டினார்கள். நாலாவது பக்கம் நம் சமையலறையின் பின்சுவர், அதை உடைத்துத்தான் அறைக்கு வாசல் வைப்பதாக ஏற்பாடு, உடைக்கிற வரைக்கும் கோட்டுத் துணிச் சுவரில் ஒரு வாசல். ஜன்னலுக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைத்திருக்கிறார், பட்டனைக் கழற்றினால் ஜன்னல் திறக்கும். அலமாரிக்குப் பதில் சுவரில் பாக்கெட், உள்பாக்கெட் வேறு, நகை வைக்கவாம். நூலோட்டம்தான், அதாவது கையால் பெரிது பெரிதாக ஓட்டிய தையல், டிரயல் முடிந்த பிறகுதான் மிஷின் தையல் போடுவது அவர் வழக்கம் என்று உனக்கே தெரியும். துணிக்கு மிஷின் தையல் எப்படியோ அப்படி அறைக்குச் செங்கல் என்று எனக்கு விளக்கினார். நான் தலையில் அடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

முதல் நாள் மேஸ்திரி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் நம் வீட்டில் ஒரு கிறுக்கு நுழைந்தால் அது எல்லோரையும் பிடித்துக்கொண்டுதான் போகும். மூன்றாம் நாளே அந்த மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், பைஜாமாச் சுவர் வழியாகக் குறுக்கே நுழைந்த சித்தாளை, சுவர் இருக்கிறது கண்ணு தெரியலையா என்று சத்தம் போட்டார். மழைக்கோட்டுப் பொம்மையின் மேல் தெரியாமல் இடித்துவிட்டு, ஸாரி பாப்பா என்றதையும் நான் என் காதால் கேட்டேன். உன் மாமா துணிச்சுவரில் ரசமட்டத்தை வைத்தான், குமிழி ஓரிடத்தில் நிற்கவில்லை, காற்று வரும்போதெல்லாம் ஓடியது, சுவர் கோணல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அப்பா, உன் குமிழிதான் கோணல் என்றார். இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்றது. நின்றாலும் இரண்டு பேரும் சாயங்காலம் உட்காருவது அதே அறையில்தான், மாமா மட்டும் தன் நாற்காலியைச் சுவருக்கு வெளியே போட்டுக்கொண்டு, ஜன்னல் பட்டனைக் கழற்றித் தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு உட்காருவான், கேட்டால் நான் அவர் கட்டின வீட்டுக்குள்ள காலை வைக்க மாட்டேன் என்பான்.

வேலையும் சண்டையுமாகத்தான் நகர்ந்தது. மூலையில் இழுத்துப் பிடிக்கிறது, அங்கே ஓர் அக்குள் துண்டு வைக்க வேண்டும் என்றார் அப்பா. அக்குள் துண்டு என்றால் என்ன என்று மேஸ்திரி கேட்டார், இவர் உடனே அவர் கையைத் தூக்கி அக்குளில் விரலை வைத்து, இங்க வெக்கிற முக்கோணத் துணி, இல்லேன்னா கையைத் தூக்கினா கிழியும் என்றார், மேஸ்திரிக்குக் கூச்சம் வந்து துள்ளியதில் ஒரு கழி சாய்ந்து கூரை எங்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது. அதற்கப்புறம் உள்மடிப்பு வேண்டும் என்று ஆரம்பித்தார். பிள்ளை நாளைக்கு உடம்பு போடலாம், கல்யாணம் காட்சி என்று ஆகலாம், அன்றைக்குப் பிரித்து விடுவதற்குச் சுவருக்குள் கொஞ்சம் மடித்துத் தைத்துவிட வேண்டுமாம். மேஸ்திரி பொறுமையாகத்தான் சொன்னார், செங்கல்லை மடிக்க முடியாது சார் என்று. அது உங்க தொழில்ல இருக்கிற குறை என்றார் உன் அப்பா, ஏதோ அவர் தொழிலைத் திருத்துவதற்கென்றே பிறந்தவர் போல.

அப்புறம் கட்டட அனுமதி பார்க்கும் ஆபீசர் வந்தார். அனுமதியில்லாமல் ஏதோ எழும்புகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், யார் என்று எனக்குத் தெரியும், எழுதினால் மனசு கெடும். ஆபீசர் கறாரான ஆள், உள்ளே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அஸ்திவாரம் எங்கே என்றார், டப்பாக்களைக் காட்டினோம். சுவரைத் தட்டிப் பார்த்தார், கை உள்ளே போய்விட்டது. இது கட்டடமா உடுப்பா என்று அவருக்கே குழப்பம். கட்டடம் என்றால் அனுமதி வேண்டும், உடுப்பு என்றால் அவர் இலாகா இல்லை. யோசிப்பதற்காக நாற்காலியில் உட்கார்ந்தார், அப்பா ஜன்னல் பட்டனைக் கழற்றிவிட்டார், நல்ல காற்று, மனிதர் அப்படியே தூங்கிப் போனார். நாங்கள் எல்லோரும் அவர் எழுந்திருக்கட்டும் என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். எழுந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வீட்டுச் சுவரை உடைச்சு இதோட சேர்க்காத வரைக்கும் இது உடுப்புதான், உடைச்சீங்கன்னா அந்த நிமிஷத்திலேர்ந்து கட்டடம், அதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து அனுமதி வாங்கிக்கணும் என்றார். அப்பா மரியாதையாக மறுநாளே போய் அனுமதியை வாங்கி வந்துவிட்டார். ஆபீசர் போகும்போது, அறை நல்லாத்தான் இருக்கு, ஆனா கழுத்துகிட்ட கொஞ்சம் இறுக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரையும் அந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது பார்.

அனுமதியும் ஆயிற்று, செங்கலும் இறங்கியாயிற்று, இனி சமையலறைச் சுவரை உடைக்க வேண்டியதுதான் பாக்கி. இந்த இடத்தில்தான் உன் அப்பா என் உயிரை எடுத்தார். மேஸ்திரி சம்மட்டியோடு வந்து நிற்பார், இவர் சுவருக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, இருங்க, பின்பக்கம் ஒரு சுருக்கம் தெரியுது என்பார். நீலக் கட்டத்தைப் பிரிப்பார், மறுபடி ஓட்டுவார். அடுத்த தடவை வந்தால் தோள் இறங்கியிருக்கிறது என்பார். அதற்கடுத்த தடவை ஜன்னல் காஜா பெரிதாகிவிட்டது என்பார். தெருக்கோடியில ஒரு வீட்டையே முடிச்சு சாவியைக் கொடுத்துட்டேன், இங்க ஒரு ஓட்டை போட விட மாட்டேங்கறீங்களே சார் என்று மேஸ்திரி கத்தினார், அக்கா நீங்களாவது சொல்லக் கூடாதா என்று என்னிடம் முறையிட்டார். நான் என்னத்தைச் சொல்ல. எனக்கே சுவரை உடைக்க மனசில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது.

ஏன் என்று உனக்குத் தெரியும். நடுவில் ஒருநாள் நீ என்னிடம் தனியாகப் பேசும்போது, ஆள் உயர அலமாரி ஒன்று வாங்கினேன் அம்மா, நானே கூட்டிச் சேர்த்து, சாயாமல் இருக்கச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கிவிட்டேன் என்றாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கதவு சத்தமில்லாமல் மூடுகிறது என்று போனிலேயே மூடிக் காட்டினாய், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் விஷயம் கேட்டுவிட்டது. நீ வரப்போவதில்லை. அன்றைக்குச் சொன்னது களைப்பில் சொன்னது. அதை எங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் அறை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டு வைக்கிறாய். நானும் அலமாரியைப் பற்றி உன் அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. கோட்டுத் துணிச் சுவருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் காற்று வந்தது. மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தோம், மழைக்கு முன்னால் ஒரு சுழற்காற்று அடித்தது பார், அறை அப்படியே டப்பாக்களோடு எழும்பியது. மேஸ்திரி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார், உன் மாமா பைஜாமாச் சுவரைப் பிடித்துக்கொண்டான், உள்ளே காலை வைக்க மாட்டேன் என்றவனை அறை தலை வழியாக இறங்கி முழுசாக உள்ளே போட்டுக்கொண்டது, ஜன்னல் வழியாகத் தலை மட்டும் வெளியே, பார்ப்பதற்கு ஒரு பெரிய சட்டை போட்டவன் மாதிரியே நின்றான். ஆபீசர் சொன்னது சரிதான், கழுத்துகிட்ட கொஞ்சம் இறுக்கம். மேஸ்திரி சிரிக்க, மாமா திட்ட, எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. உன் அப்பா மட்டும் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது, மழைக்கோட்டுப் பொம்மை சாய்ந்து சேற்றில் கிடந்தது, அதை நிமிர்த்தி வீட்டுக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, காலருக்குள் போன சேற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மழை விட்டு மேஸ்திரியும் போன பிறகு நனைந்த துணியை முன்னறையில் பரப்பி வைத்துக்கொண்டு கிழிந்த இடத்தை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தேன், கண் இப்போதெல்லாம் அவருக்குச் சரியில்லை, கண்ணாடி மாற்றச் சொன்னால் கேட்பதில்லை, நீ ஒரு வார்த்தை சொல். தலையை நிமிர்த்தாமலே, அவ வர மாட்டா இல்ல என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரு சொன்னா என்றேன். அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்ட எந்தத் துணி நல்லாயிருக்கும்னு என்கிட்ட கேட்டாளே, கேன்வாஸ் போடுன்னு சொன்னேன், ஊருக்குக் கிளம்பறவ பெட்டி வாங்குவா, அலமாரியா வாங்குவா என்றார். கேட்டாயா கதையை. இத்தனை நாளும் ஒரே வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் உன் அலமாரியை ஒளித்து வைத்திருக்கிறோம், அதுவும் ஆள் உயர அலமாரி. அப்படித் தெரிந்தும் எதற்காகத் தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்து இந்தக் கூத்து என்று கேட்டேன். துணியா இருக்கிற வரைக்கும் அவ எப்ப வேணா வேண்டாம்னு சொல்லலாம், சுவரை உடைச்சுட்டோம்னா அப்புறம் இவங்க எனக்காக உடைச்சுட்டாங்களேன்னு மனசில்லாம வந்து நிப்பா, அப்படி வர்றதுக்கு வராமலே இருக்கட்டும் என்றார். அப்போ பிரிச்சுப் போட்டுடறதுதானே என்றேன். கை வரலை என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பாப்பா, அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் அழுகை வந்தது. அப்புறம் அந்தத் துணியைத் தடவிப் பார்த்தேன். அப்படின்னா அதை எனக்கு ஆல்டர் பண்ணிக் கொடுங்க என்றேன். மனிதர் ஊசியைக் கீழே போட்டுவிட்டார். ஒருத்தருக்குத் தெச்சதை இன்னொருத்தருக்குக் கொடுக்கிற பழக்கம் என்கிட்ட கிடையாது என்றார், வராதவர்கள் துணியெல்லாம் நடு அறைக் கம்பியில் எத்தனை காலமாகத் தொங்குகிறது என்று உனக்குத் தெரியாதா, மாமா அந்தப் பேண்டுகளுக்கு நடுவில்தான் தூங்குகிறான். நான் விடவில்லை. இந்த வீட்டில் முன்னறை உங்கள் கடை, நடு அறை என் தம்பிக்கும் யாரோ ஆம்பிளைகளின் பேண்டுகளுக்கும், படுக்கும் அறையில் பாதி இஸ்திரி மேஜை, மிச்சம் இருப்பது சமையலறை. கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து நான் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்ததில்லை. எனக்கு ஒரு கதவு வேண்டும் என்றேன். சொல்லும்போது அவருக்காகத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன், சொல்லி முடித்த பிறகு பார்த்தால் நிஜமாகவே வேண்டும் என்று இருந்தது, வேண்டும் என்று எனக்கே இவ்வளவு நாள் தெரியவில்லை.

கீழே விழுந்த ஊசியைத் தேடி எடுத்துத் துணியில் குத்திவைத்தார். பிறகு எழுந்து, கையைத் தூக்கு என்றார். ஆம்பிளைகளுக்குத் தைக்கிற டெய்லர் என்ற பேரில் இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தலையணை உறைகூட அளவு கேட்டுத் தைத்ததில்லை அந்த மனிதர். தோளுக்குத் தோள் பிடித்தார், உயரம் பிடித்தார், உட்காரச் சொல்லிப் பிடித்தார். கோபம் வந்தா எவ்வளவு தூரம் நடப்பே என்று கேட்டார். நடந்து காட்டினேன், டேப் போதவில்லை. எனக்கு உயரம் கம்மி, ஜன்னலை இறக்க வேண்டும் என்றார், உன் மாமா அவசரமாக வந்து இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இறக்குங்கத்தான், அக்காவுக்கு அந்தத் தோள் இறக்கம் என்றான், அதிலிருந்து இரண்டு பேரும் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்கள். துணியிலேயே எல்லாவற்றையும் மாற்றி, மேஸ்திரி வந்ததும் மறுபடி கொல்லையில் மாட்டினார், நான் உள்ளே போய் நின்றேன், உட்கார்ந்தேன், பட்டனைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். வெளியிலிருந்து மூன்று பேரும் எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது.

நேற்று சமையலறைச் சுவரை உடைத்தாயிற்று. உன் அப்பா சம்மட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார், ஓங்க வரவில்லை, நான் வாங்கி முதல் அடி அடித்தேன், ஒரு சில்லுகூடப் பெயரவில்லை, கை மட்டும் தோள்வரை விண்ணென்று இருந்தது. மிச்சத்தை மேஸ்திரி இத்தனை நாள் சேர்த்து வைத்த ஆத்திரத்தோடு அரைமணியில் முடித்துவிட்டார். ஆகையால் இப்போது அது கட்டடம், உடுப்பு இல்லை. இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு எழுதினேன். சுவரை உடைத்தது உனக்காக இல்லை. அந்த அறை என்னுடையது. எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்று நீ இனிமேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், சொல்லவே வேண்டாம், எங்களுக்குத் தெரியும், எங்களுக்குக் கோபம் இல்லை. நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. இருக்கிறது, நிறைய இருக்கிறது, சமைக்கும்போது திரும்பி உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் வருவது என்றால் பார்க்க வா, இருக்க முடிந்த வரைக்கும் இரு, கிளம்பும்போது யாரையோ விட்டுவிட்டுப் போகிறோம் என்ற முகத்தோடு போகாதே. வரும்போது என் கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும், அது மட்டும் கண்டிப்பு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே, படுத்துக்கொண்டு போனைப் பார்க்காதே, அலமாரியின் மேல் கனமான சாமான் எதையும் ஏற்றாதே, திருகாணி போட்டிருந்தாலும் சரி. நீ இருக்கும் இடத்தில் நிம்மதியாக, நிறைவாக, நல்ல மனிதர்கள் சூழ, உனக்குப் பிடித்தபடி நன்றாக வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார ஆசீர்வாதம் செய்கிறோம். மாமாவும் ஆசி சொல்லச் சொன்னான், தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கவும் சொன்னான். மறந்துவிடாதே, அப்பா ஒரு விஷயம் உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார், ஜன்னல் அளவு வேண்டுமாம், உயரமும் அகலமும், உத்தேசமாக இல்லாமல் டேப் வைத்து அளந்து அனுப்ப வேண்டுமாம், திரை தைக்கப் போகிறாராம். எந்த ஜன்னல் என்று கேட்டேன். அவ வீட்டு ஜன்னல்தான் என்றார்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா